நாலு உளி, ஒரு டம்ளர்

அந்தப் பட்டறையில் ஒருவன் உளியை இன்னொருவன் தொடமாட்டான்.

அடுத்தவன் சாப்பாட்டில் கை வைத்தால் பொறுத்துக்கொள்வார்கள். கொடியில் கிடக்கும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு போனாலும் மறுநாள் கேலியோடு விட்டுவிடுவார்கள். உளி மட்டும் ஆகாது. ஒவ்வொரு கைக்கும் ஒரு சாய்வு, ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு தீட்டல். வேறு கை பட்டால் முனை கெட்டுவிடும் என்று நம்பினார்கள். அதனால் கைப்பிடியில் ஆளுக்கொரு வர்ணம் பூசி வைத்திருந்தார்கள். நாளாக ஆக அந்த வர்ணமே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் மருத்துவமனைச் சீட்டில் மட்டும்தான் எட்டிப் பார்க்கும்.

பச்சை, நாற்காலிக்கு மூட்டுச் சேர்ப்பவன். நீலம் அவனுடைய மச்சினன், கடைசல் வேலைக்காரன். அவன் கடைந்த நாற்காலிக் காலில் கையை ஓடவிட்டால் வழுக்கிக்கொண்டு போகும். சிவப்பு எல்லாருக்கும் மூத்தவர், செதுக்கு வேலை. வெள்ளை என்று ஒருவன் இருந்தான். வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, அவன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அவனுடைய உளி இன்னும் சுவரில் தொங்குகிறது. அதையும் யாரும் தொடுவதில்லை.

பசைச் சட்டி பொது. தீட்டுக்கல் பொது. கல்லின்மேல் தெளிக்கிற தண்ணீர் பொது. 'உளி அவனவனுது, சட்டி எல்லாருக்கும்' என்பது அங்கே சட்டம்.

பச்சையின் மனைவி அதே பட்டறையில் உப்புத்தாள் போட்டு மரம் தேய்ப்பவள். நீலத்துக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. தம்பி அக்கா என்று கூப்பிடப்போய் பட்டறை முழுக்க அவளுக்கு அதுவே பெயர் ஆயிற்று. அவளைவிடப் பதினைந்து வயது மூத்த சிவப்புகூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் வேலை மும்முரத்தில் பச்சையே, "அக்கா, அந்தக் கட்டையை இப்படித் தள்ளு" என்று சொல்லிவிட்டான். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்கள்.

அந்த அக்காவுக்குத்தான் இந்தக் கதையில் கோபம் வருகிறது.

பச்சைக்கு ஆறு மாதமாகவே உடம்பு ஒத்துழைக்கவில்லை. மதியம் ஆனால் ரம்பத்தை வைத்துவிட்டு மரத்தூள் மூட்டையில் சாய்ந்துவிடுவான். வெயில் தகரக் கூரையில் இறங்கி எல்லாரையும்தான் வாட்டியது; ஆனால் மற்றவர்கள் எழுந்தார்கள், இவனுக்கு எழ முடியவில்லை. இருபது வருஷமாகக் கை தவறாதவன் ஒருநாள் தன் உளியைத் தன் கட்டைவிரல் அடியிலேயே இறக்கிக்கொண்டான். தையல் போட்ட ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து மனைவியோடு வரச் சொன்னார்கள்.

மூக்குக் கண்ணாடி போட்ட நர்ஸ் ஒருத்தி, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை. ஹெபடைட்டிஸ் சி என்றாள். ரத்தத்தில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் சத்தமே போடாமல் கல்லீரலைத் தின்னும் கிருமி என்றாள். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, எப்போதாவது போதை ஊசி போட்டதுண்டா என்று கேட்டாள்.

பச்சை மனைவியைப் பார்த்தான். அவள், சொல்லு என்பதுபோல் தலையை அசைத்தாள்.

போட்டதுண்டு என்றான். இருநூறு நாற்காலி ஆர்டர் ஒன்று வந்து தோள்பட்டை கழன்ற காலத்தில் வலிக்கென்று தொடங்கியது. பட்டறை மச்சில், மதியச் சாப்பாட்டு வேளையில், நாலு பேரும். வெள்ளை செத்த பிறகு இவன் மட்டும் விட்டுவிட்டான். விட்டு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

"ஒருத்தர் ஊசியை இன்னொருத்தர் போட்டுக்கிட்டீங்களா?"

"அந்தப் பேச்சே கிடையாதும்மா," என்றான் பச்சை. அவன் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. "எங்க பட்டறையில அடுத்தவன் உளியவே தொடமாட்டோம். ஊசியத் தொடுவோமா? அவனவனுக்குக் கலர் அடிச்சு வெச்சிருந்தது. என்னுது பச்சை."

"கலரா?"

"நான்தான் அடிச்சேன்," என்றாள் அவன் மனைவி.

அடித்தது அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன் மச்சில் நடப்பது தெரிந்தபோது, தேய்ப்புக்கட்டையால் புருஷனையும் தம்பியையும் விளாசினாள். பத்து நாள் அடுப்பு மூட்டவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தம்பியின் முழங்கையில் சீழ் கட்டி எலுமிச்சை அளவுக்கு வீங்கியதைப் பார்த்தாள். விடமாட்டார்கள், சரி, அழுக்காகவாவது செய்யாமல் இருக்கட்டும் என்று இறங்கி வந்தாள். உளிக்குப் பூசும் வர்ணத்தையே எடுத்து நாலு ஊசிக்கும் நாலு வளையம் போட்டாள். மாறிப் போட்டால் கையை முறிப்பேன் என்றாள். யாரும் மாற்றவில்லை.

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சரி. பொடியைக் கரைச்ச ஸ்பூன்?"

"அது ஒண்ணுதான்."

"வடிகட்டின பஞ்சு?"

பச்சை யோசித்தான். "அதுவும் ஒண்ணுதான்."

"ஊசி கழுவின தண்ணி?"

"ஒரே டம்ளர்தான்," என்றான் பச்சை.

நர்ஸ் மெதுவாகத்தான் சொன்னாள். போட்டு முடித்த ஊசியில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் ஒட்டியிருக்கும். அதைத் தண்ணீரில் கழுவினால் ரத்தம் தண்ணீருக்குப் போகும். அந்தத் தண்ணீரை அடுத்தவன் தன் ஊசியில் உறிஞ்சினால் அவனுக்குப் போகும். ஸ்பூனும் அப்படித்தான், பஞ்சும் அப்படித்தான். இந்தக் கிருமிக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம், அதில் ஒரு பொட்டு போதும். நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

"கொதிக்க வெச்ச தண்ணிங்க," என்றாள் அவள். "தினமும் நானே கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, டம்ளர்ல ஊத்தி, தட்டு போட்டு மூடிக் குடுத்துவிடுவேன்."

"கொதிக்க வெச்சப்ப சுத்தமாத்தான் இருந்திருக்கும். முதல் ஊசி உள்ள போற வரைக்கும்."

நர்ஸின் தலைக்கு மேல் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஊசி ஒன்று, அதன் குறுக்கே சிவப்புக் கோடு, அடியில் 'ஊசியைப் பகிராதீர்.' அக்கா எழுந்து நின்று அதைக் காட்டினாள்.

"இதுல ஏன் டம்ளர் இல்ல?"

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"ஸ்பூன் இல்ல. பஞ்சு இல்ல. இதே படம் எங்க தெருமுனையிலயும் ஒட்டியிருக்கு. தினமும் படிச்சுட்டுத்தான் போறேன். ஊசியப் பகிராதேன்னு போட்டிருந்துச்சு, பகிரல. நீங்க சொன்னதச் செஞ்சோம். சொல்லாததுக்கு நாங்க சாகணுமா?"

நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. அக்கா சொல்வது நியாயம்தான், மேலதிகாரிகளுக்கு எழுதிப் போடுகிறேன் என்றாள். நோய்க்கு மாத்திரை இருக்கிறது, பன்னிரண்டு வாரம் தவறாமல் சாப்பிட்டால் அநேகமாக எல்லாருக்கும் முழுசாகக் குணமாகிவிடும் என்றாள். பச்சையின் ஈரல் இன்னும் கெட்டுப்போகவில்லை. ஆனால் கூட இருந்த மற்றவர்களும் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும், இப்போதும் போடுகிறவர்கள் உடனே வர வேண்டும்.

வெளியே வந்ததும் அவள் முன்னால் நடந்தாள். பச்சை நாலடி பின்னால் வந்தான். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டியும் அவள் நிற்கவில்லை.

"வெள்ளைய என்ன சொன்னோம்?" என்று திரும்பாமலே கேட்டாள்.

பதிலுக்குக் காத்திராமல் அவளே சொன்னாள்.

"குடிச்சுச் செத்தான்னு சொன்னோம். அவன் பொண்டாட்டி, என் புருஷன் வாயில சாராயமே பட்டதில்லன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. நானும் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ஆமாம்மா ஆமான்னுட்டு, வெளிய வந்து சிரிச்சேன். அவன் மேல அத்தனை பழியப் போட்டோமே."

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நர்ஸாலேயே சொல்ல முடியவில்லை, நீ ஏன் உன்னையே போட்டு அடித்துக்கொள்கிறாய் என்று பச்சை சமாதானம் சொல்லப் பார்த்தான். அவள் அப்போதுதான் நின்றாள்.

"இன்னிக்குக் காலையிலயும் டம்ளர் போச்சு," என்றாள். "என் தம்பிக்கு. என் கையால."

வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்றாள். பச்சை முகத்தைத் திருப்பிக்கொண்டான். மச்சு விஷயம் மச்சோடு என்று நாலு பேரும் ஒருவர் கை மேல் ஒருவர் கை வைத்துச் சொன்னவர்கள். முதலாளிக்கு வெளிப்படையாகத் தெரிந்தால் மூன்று பேரையும் நிறுத்திவிடுவார். நோயாளி என்று தெரிந்தால் எந்தப் பட்டறையில் சேர்ப்பார்கள்? இரண்டு நாள் பொறு, பக்குவமாகச் சொல்கிறேன் என்றான்.

"ரெண்டு நாள்னா ரெண்டு டம்ளர்," என்றாள். சாயங்காலம் தம்பி வந்தபோது அவளே சொன்னாள்.

நீலம் சிரித்துவிட்டான். மாமாவுக்கு ஏதாவது கடையில் முடிவெட்டும்போது வந்திருக்கும் என்றான். தன் ஊசியை ஒரு பயல் தொட்டதில்லை, நீல வளையம் இன்னும் பளபளவென்று இருக்கிறது என்றான். நர்ஸ் சொன்னதை அவள் இரண்டுமுறை சொல்லிப் பார்த்தாள். எருமை மாட்டின்மேல் மழை பெய்த கதைதான்.

"தண்ணி எவ்ளோ தெளிவா இருக்கும் தெரியுமாக்கா? அதுல போய் என்ன இருக்கப்போவுது. நீயே கொதிக்க வெச்சதுதானே," என்றான்.

இவ்வளவு நேரம் நர்ஸிடமும் புருஷனிடமும் தம்பியிடமும் பாய்ந்துகொண்டிருந்த கோபம், அந்தக் கடைசி வார்த்தையில் திரும்பி அவள் நெஞ்சிலேயே இறங்கியது. கண்ணுக்குத் தெரியாததை இவனிடம் வாயால் சொல்லிப் பயனில்லை என்று புரிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் தண்ணீர் கொதிக்க வைக்கவில்லை. டம்ளரைக் காலியாகப் பையில் போட்டுக்கொண்டாள்.

மதியம் ரம்பங்கள் ஓய்ந்தன. மரத்தூள் அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். அதுவரை வெளிச்சத்தில் பொன் பொடி மாதிரி மிதக்கும். சிவப்பு கை கழுவிவிட்டு மச்சு ஏணிப் பக்கம் நகர்ந்தார். நீலம் அக்காவின் பையைத் துழாவி டம்ளரை எடுத்தான். காலியாக இருந்தது.

"தண்ணி எங்கக்கா?"

"இங்க வா. சிவப்பண்ணே, நீங்களும் வாங்க. ஏறிடாதீங்க."

தேய்ப்பு மேசையில் ஒரு நாற்காலிப் பலகை இருந்தது. காலையிலிருந்து அவள் தேய்த்தது, வெள்ளை மரம், பால் மாதிரி. பக்கத்தில் மெருகு போடுபவர்களின் சிவப்புச் சாயமும் இரண்டு பிரஷ்ஷும். நீலத்தின் கையில் இருந்த டம்ளரில் குடத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

"இந்த பிரஷ் அண்ணனுது. இது உன்னுது. உன்னுது புதுசு, பாத்துக்கோ."

சிவப்பின் பிரஷ்ஷைச் சாயத்தில் தோய்த்தாள். பிறகு துணியால் துடைத்தாள். அழுத்தி, திருகி, துணியில் சாயம் வராத அளவுக்குத் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"சுத்தமா?"

"சுத்தம்தான்," என்றான் நீலம். எங்கே போகிறது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் அந்த பிரஷ்ஷை டம்ளரில் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தாள். பிறகு நீலத்தின் புது பிரஷ்ஷை அதே தண்ணீரில் நனைத்தாள். பால் போன்ற அந்தப் பலகையில் ஒரு கோடு இழுத்தாள்.

இளஞ்சிவப்பாக ஒரு கோடு விழுந்தது.

"உன் பிரஷ்ஷ யாராவது தொட்டாங்களா?"

நீலம் சிரிப்பை நிறுத்தினான்.

"சாயம்ங்கறதால தெரியுது. அது தெரியாது. தண்ணி தெளிவாத்தான் இருக்கும்டா. உங்க மாமா உடம்புல வந்தப்பவும் தெளிவாத்தான் இருந்துச்சு. வெள்ளை உடம்புல இருந்தப்பவும் தெளிவாத்தான் இருந்துச்சு."

இதற்குள் முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வந்துவிட்டார். பலகையில் கோட்டைப் பார்த்ததும் வயிற்றில் அடித்துக்கொண்டார். நாளைக்குப் போக வேண்டிய பலகை. சாயம் மரத்துக்குள் இறங்கினால் தேய்த்தாலும் போகாது என்பது தெரியாதா என்றார்.

"தெரியும். அதைத்தான் இவனுக்குச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

விஷயம் என்ன என்று கேட்டார். அக்கா சொன்னாள். பச்சை தலையைக் குனிந்துகொண்டான். முதலாளி முகத்தில் அதிர்ச்சியைக் கொண்டுவர முயன்றார். என் பட்டறையிலா, என் மச்சிலா என்றார். இந்த மாதிரி ஆட்களை ஒரு நிமிஷம்கூட வைத்துக்கொள்ள முடியாது என்று ஆரம்பித்தார்.

"மச்சுச் சாவி யார் குடுத்தது?" என்றாள் அக்கா.

முதலாளி ஏணிப் பக்கம் பார்த்தார்.

"இருநூறு நாற்காலி பத்து நாள்ல முடிஞ்சுச்சே, மனுசனால முடியற வேலையா அது? மேல ஏறும்போது கையத் தூக்க முடியாம போனவங்க, இறங்கி வந்து பேய் மாதிரி இழைச்சாங்க. என்ன சாப்பாடுடா அதுன்னு ஒருநாள் கேட்டீங்களா? பலகை கெட்டுச்சுன்னா ஓடி வர்றீங்க. ஆள் கெட்டப்ப எங்க இருந்தீங்க? நிறுத்துங்க, மூணு பேரையும் நிறுத்துங்க. நான் வாசல்ல உக்காந்து இதே கதைய வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருப்பேன்."

முதலாளி எதையோ மறந்து வைத்தவர் போல் கண்ணாடி அறைக்குத் திரும்பிப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவர் மறுபடி வெளியே வரவில்லை. யாரையும் நிறுத்தவும் இல்லை.

சிவப்பு மேசை ஓரமாக உட்கார்ந்துவிட்டார். தனக்கு வயதாகிவிட்டது, வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று முணுமுணுத்தார். நீலம் அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கோடு அழியவில்லை. ஆனாலும் அவனுடைய இன்னொரு கை டம்ளரை விடவில்லை. உடம்பு கேட்கும் நேரம். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

"இன்னிக்கு ஒருநாள் மட்டும்க்கா," என்றான். "நாளைக்கு நானே வர்றேன்."

அக்கா அவன் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கினாள். தண்ணீர் பலகையிலும் அவள் புடவையிலும் தெறித்தது. மேசைமேல் டம்ளரைக் கவிழ்த்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு புருஷனிடம் கையை நீட்டினாள்.

"உளியக் குடு."

பச்சை தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் அந்த உளியைத் தொட்டதில்லை. தரையில் விழுந்து கிடந்தால்கூட, உன் உளி விழுந்திருக்கு பார் என்று சொல்வாளே தவிர எடுக்கமாட்டாள்.

பச்சை உளியை உருவினான். கைப்பிடிப் பக்கத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தான். கூடவே உளி அடிக்கும் கொட்டாப்புளியையும் எடுத்துக் கொடுத்தான்.

அவள் முனையை டம்ளரின் அடியில் நிறுத்தி ஓங்கி அடித்தாள். எவர்சில்வர் நசுங்கியது, கிழியவில்லை. மறுபடி அடித்தாள். மூன்றாவது அடியில் பிளந்தது. நாலாவது, ஐந்தாவது அடி எதற்கென்று யாரும் கேட்கவில்லை. மரத்தைத் தவிர வேறெதையும் அறியாத அந்த உளியின் முனை பல் பல்லாக உதிர்ந்திருந்தது. சிவப்பு அதைப் பார்க்க மாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டார்.

"இனிமே இதுல தண்ணி நிக்காது," என்றாள் மூச்சு வாங்க. உளியைப் பச்சையிடம் நீட்டினாள்.

அவன் முனையை விரலால் தடவிப் பார்த்தான். "தீட்டிக்கலாம்," என்றான்.

நீலம் கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினான். பொத்தானைத் துளை மாற்றிப் போட்டான். அக்கா வந்து போட்டுவிட்டாள். போட்டுவிட்டபடியே திட்டிக்கொண்டும் இருந்தாள்.

"ஆஸ்பத்திரி எத்தன மணி வரைக்கும்க்கா?" என்று கேட்டான்.

"நாலு மணி. நட."

சிவப்பு அவர்களோடு போகவில்லை. ஆனால் நர்ஸின் அறை வாசலில் இவர்கள் போய் உட்கார்ந்த கால் மணி நேரத்தில், வழி தெரியாமல் வந்துவிட்டவர் போல் வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

நர்ஸ் முதலில் அக்காவின் விரலில்தான் குத்தினாள். நாலு பேர் ஊசி கழுவிய டம்ளரையும் ஸ்பூனையும் மூன்று வருஷம் தேய்த்துக் கழுவியவள் அவள். உப்புத்தாள் அரித்து அவள் விரல் நுனியெல்லாம் வெடிப்பு. குத்துவதற்கு நல்ல இடம் தேட வேண்டியிருந்தது. சோதனைப் பட்டையில் ஒரே கோடு வந்தது; அவளுக்கு நோய் இல்லை. நீலத்துக்கு இரண்டு கோடு. சிவப்புக்கும் இரண்டு. உறுதி செய்ய இன்னொரு ரத்தம் எடுத்துக்கொண்டாள். பச்சைக்குச் சொன்னதையே மறுபடி சொன்னாள்: மாத்திரை, பன்னிரண்டு வாரம். குணமான பிறகு பழையபடி பகிர்ந்தால் மறுபடி வரும். ஊசிப் பழக்கத்தை விடுவதற்கும் இங்கேயே மருந்து இருக்கிறது, தினமும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றாள். நீலம் தரையைப் பார்த்துக்கொண்டே, பார்க்கிறேன் என்றான்.

"பாக்கறானாம்," என்றாள் அக்கா. ஆனாலும் அந்த வார்த்தையை அவள் கீழே விழ விடவில்லை. நாளைக் காலை எத்தனை மணிக்கு என்று நர்ஸிடம் கேட்டு வைத்துக்கொண்டாள்.

ஊசிப் பழக்கத்தை விடுகிற வரைக்கும் இதைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லி நர்ஸ் அலமாரியைத் திறந்து சின்னச் சின்னப் பொட்டலங்களை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு ஊசி, ஒரு சின்னக் கிண்ணம், ஒரு துண்டுப் பஞ்சு, ஒரு தரத்துக்கு மட்டும் போதுமான தண்ணீர்க் குப்பி. நீலம் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிவப்பு எட்டிப் பார்த்தார்.

"மாறிப் போயிடுமேக்கா," என்றான் நீலம். "எது யாருதுன்னு கலர் அடிச்சிரலாமா?"

அக்கா அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். விரலில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டாள்.

"ஒரு தடவ போட்டுட்டு அப்பவே தூக்கிப் போடறதுக்கு," என்றாள், "எதுக்குடா கலர்?"